பழைய கார்களில் உறையும் வாடை: கூடங்குளம் சுற்றுவட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். பூவின் மணத்துக்கு இத்தனை உழைத்த தமிழ் மரபு, வண்டிக்குள் அடிக்கும் வாடைக்கென்று ஒரு பாட்டுகூட ஒதுக்கவில்லை. கபிலர் காலத்தில் கார் கிடையாதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். தேர் இருந்தது. தேருக்குக் குதிரை இருந்தது. குதிரை இருந்த இடத்தில் வாடையும் இருந்திருக்கும். ஆகவே ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்படுகிறது.

புலவர்கள் இத்துறையைத் தொடாததற்குக் காரணம் அச்சம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மணம் பற்றிய முதல் பெரிய தமிழ்க் கருத்தரங்கு மதுரையில் நடந்தது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது பொருள். மாற்றுக் கருத்துச் சொன்ன நக்கீரர், நெற்றிக்கண் வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்கிறது திருவிளையாடல் புராணம். முதல் ஆய்வாளருக்கே இந்தக் கதி என்றால் அடுத்தவர் எப்படி மூக்கை நீட்டுவார்?

வடமொழிப் பக்கம் நிலைமை சற்றுத் தேவலாம். யமுனையில் ஓடம் விட்ட மச்சகந்தியின் மீன்வாடையைப் பராசரர் போக்கி, ஒரு யோசனை தூரம் மணக்கும்படி செய்தார் என்கிறது மகாபாரதம். மீன்வாடை நீக்கம் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. அதுவும் ஓடும் வாகனத்துக்குள் நடந்தது. ஆனால் செய்முறை இல்லை. வரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பெண்ணின் வாடை போயிற்று, சரி, ஓடத்தின் வாடை போயிற்றா என்ற கேள்வியை, அந்தப் பயணத்தின் பயனாகவே பிறந்த வியாசர்கூடத் தொடவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இந்த முயற்சி.

கூடங்குளத்தைக் களமாகக் கொண்டதற்கு நியாயம் உண்டு. ஒரு பக்கம் அணுமின் நிலையம். தலா 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. இன்னும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. வேலைக்கு வருகிறவர்களும் ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிறவர்களும் ஓயாததால் கார்கள் கைமாறுவதும் ஓய்வதில்லை. மறுபக்கம் கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி என்று கடற்கரை ஊர்கள். மீனும் மின்சாரப் பொறியாளரும் ஒரே சாலையில் போகிற வட்டாரம் இது. சில சமயம் ஒரே வண்டியில், வெவ்வேறு ஆண்டுகளில்.

பழைய கார் வாங்குகிறவர் கேட்கும் ஆவணங்கள் மூன்று: ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், சர்வீஸ் பில். மூன்றும் காகிதம். காகிதம் சொன்னபடி கேட்கும். கிலோமீட்டர் மீட்டரையும் பின்னால் திருப்பிவிடுகிறார்கள். வாடையைத் திருப்ப மட்டும் எவரும் இன்னும் கற்றபாடில்லை. முந்தைய உரிமையாளர் எதை ஏற்றினார், எதைத் தின்றார், பிள்ளைக்கு மலைப்பாதை ஒத்துக்கொண்டதா என்பதெல்லாம் சீட்டின் பஞ்சுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வண்டியைக் காட்டும் காலையில் டேஷ்போர்டில் ஊதுபத்தி புகைவதற்குப் பக்தி ஒன்றே காரணமல்ல. களப்பணியில் பதிவான ஓர் உரையாடல்:

"டாக்டர் ஓட்டின வண்டி அண்ணாச்சி. கோயில் மாதிரி வச்சிருந்தாவ."

"உள்ள கருவாட்டு வாடை அடிக்கே?"

"அது கடக்காத்து. கண்ணாடிய ஏத்தினா போயிரும்."

கண்ணாடி ஏற்றப்பட்டது. கடல் வெளியே நின்றுகொண்டது. வாடை இரட்டித்தது.

இனி வகைப்பாடு. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1752-இல் உலகத்து மணங்களை எல்லாம் ஏழு வகைக்குள் அடக்கினார். தொல்காப்பியத்திலும் அகத்திணை ஏழு. இது தற்செயல் என்று நம்ப இக்கட்டுரையாளர் தயாராக இல்லை. ஆகவே கார் வாடையும் ஏழு திணையாகவே இங்கு பகுக்கப்படுகிறது.

குறிஞ்சி என்பது குற்றாலத் துண்டு. சீசனில் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் நின்றுவிட்டு, பிழிந்தும் பிழியாத துண்டைப் பின் சீட்டில் போட்டு, ஊர் வந்ததும் மறந்துவிடுவதால் பிறப்பது. ஈரத்தில் நுண்ணுயிர் பெருகும். சீட்டில் தலை சாயும் இடத்தில் எண்ணெய்க் காறல் தனியாகச் சேரும். முல்லை, ஆட்டு வாடை. கோயில் கொடைக்கு நேர்ந்த கிடாயை மேலப்பாளையம் சந்தையில் வாங்கி, ஆம்னி வேனின் பின் சீட்டை மடக்கி ஏற்றி வந்ததன் எச்சம். லின்னேயஸும் தம் ஏழில் ஒன்றை ஆட்டுக்கே ஒதுக்கியிருக்கிறார். பெரியவர்கள் ஒத்துப்போகும் இடம் இது. பாலைக்கு உரியவை பிரிவும் வழிநடையும். வழியில் பிள்ளைகள் எடுக்கும் வாந்தி அதன்பாற்படும். மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

மருதம் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் வானம் கிழிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி தெருவுக்கு வந்தது. தெருவில் நின்ற கார்கள் ஆற்றுக்குள் நின்றன. அப்படி மூழ்கி எழுந்த வண்டியின் வாடை சேற்று வாடை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதில் முக்கியமானது. முதல் மழையில் எந்த வாசனைக்காகக் கவிஞர்கள் மூக்கை விரிக்கிறார்களோ அதே பொருள், சீட்டுக்கு அடியில் இருந்து வந்தால் விலை பாதியாகும். ஆற்றுக் கெண்டையில் அடிக்கும் மண்வாடையும் இதுவே. வெள்ள வண்டியைக் கண்டுபிடிக்க வாசலில் நின்று மோந்தால் போதாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துக் கடைசி முழத்தை மோந்து பார்க்க வேண்டும். கழுவுகிறவர்கள் அதுவரை இழுப்பதில்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடிக்குழியைத் தடவ வேண்டும். விரலில் வண்டல் ஒட்டினால் தரகரிடம் ஊடல் கொள்ளலாம். மருதத்துக்கு உரிய ஒழுக்கமும் அதுதான்.

நெய்தலுக்கு வருவோம். நற்றிணையின் 45-ஆம் பாட்டில், பரதவப் பெண்ணின் தோழி, தேர்ச்செல்வன் வீட்டுப் பிள்ளையிடம் எங்கள் மேல் மீன்வாடை அடிக்கும், தள்ளி நில் என்கிற பொருளில் பேசுகிறாள். இதைக் குலப் பெருமிதம் என்று படிப்பது வழக்கம். பேச்சில் தேரும் மீன்வாடையும் சேர்ந்து வருவதைப் பார்த்தால், தேரின் மெத்தை மேல் அவளுக்கு இருந்த அக்கறையும் புலப்படும். கடல் மீன், உப்புநீரில் உடம்பைக் காத்துக்கொள்ள ஒரு பொருளைத் தசையில் சேர்த்து வைத்திருக்கிறது. மீன் செத்ததும் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. கவிச்சு என்று நாம் மூக்கைப் பொத்துவது பெரும்பாலும் இதைத்தான். மிகச் சிறு துளியையும் மனித மூக்கு கண்டுகொள்ளும். இது ஒரு காரம். காரத்தை அமிலம் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டது ஆவியாகி மூக்குக்கு வராது. மீன் குழம்பில் புளியும், பொரித்த மீனில் எலுமிச்சையும் எதற்கு என்று நம் அடுக்களைகள் காரணம் கேட்காமலே அறிந்து வைத்திருக்கின்றன. கார்களுக்கு மட்டும் யாரும் புளி கரைப்பதில்லை.

கருவாடு இதிலும் தனி. மூட்டையிலிருந்து கசியும் நீரோடு உப்பும் பஞ்சில் இறங்குகிறது. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த உப்பு அதை உள்ளே இழுத்துப் பஞ்சை நனைக்கும். சித்திரையில் வாடை போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னவர் ஐப்பசி மழையில் வாயை மூடிக்கொள்வது இதனால்.

எஞ்சிய இரண்டும் எளியவை. ஒருதலைக் காமமான கைக்கிளை, வீட்டுக்காரிக்கு மட்டும் அடித்து வீட்டுக்காரருக்கு அடிக்காத வாடை. பொருந்தாக் காமமான பெருந்திணை, கருவாட்டின் மேல் பீய்ச்சிய மல்லிகை சென்ட்.

அளவை பற்றி ஒரு சொல். கதிர்வீச்சுக்கு வாடை கிடையாது. அதனால் உலைப் பகுதிக்குள் போகிறவர்கள் அதை அளக்கும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். கருவாட்டுக்கு வாடை உண்டு, பட்டை கிடையாது. இக்குறையை டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1988-இல் ஓரளவு தீர்த்தார். ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கூடங்குளத்துக்குக் கையெழுத்திட்டதும் அதே ஆண்டுதான். வரலாற்றாசிரியர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டார்கள். ஃபாங்கர் தந்த அலகின் பெயர் ஓல்ஃப். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு சராசரி மனிதர் அறைக் காற்றில் கலக்கும் வாடை ஓர் ஓல்ஃப். அந்த மனிதர் நாளொன்றுக்கு 0.7 குளியல் குளிப்பவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாமிரபரணிப் படித்துறையில் காலையும் மாலையும் முங்கி எழுகிறவர்களை வைத்து இந்த அலகைத் திருத்த வேண்டும் என்று கோரிக்கை வைக்கப்படுகிறது.

நீக்கும் முறைகளில் மக்கள் முதலில் நாடுவது மறைப்பு. ஏசி துவாரத்தில் மாட்டும் சென்ட், டேஷ்போர்டில் ஜெல் டப்பா, தோவாளைச் சந்தையில் வாங்கிய பிச்சிப்பூச் சரம். இவை வாடையைக் கொல்வதில்லை, அதற்குத் துணைக்கு ஆள் அனுப்புகின்றன. பூ வாடியதும் அழுகல் என்று மூன்றாவது ஒன்று சேரும். சாம்பிராணி போடுவோரும் உண்டு. புகை மேல் லைனிங்கில் படிந்து, ஓடுவது காரா கோயில் பிரகாரமா என்று ஐயம் எழும். அடுத்தது காற்று. காற்றாலைகளுக்குப் பஞ்சமில்லாத இவ்வூரில் ஆடிக் காற்றில் நான்கு கதவையும் திறந்து போடுவது பலரின் நம்பிக்கை. அம்மி பறக்கும் என்பார்கள். பஞ்சுக்குள் இறங்கிய வாடை பறக்கவில்லை.

பலன் தந்த முறை அலுப்பூட்டுவது. ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டுகளைக் கழற்றி இறக்கி, மேட்டை உருவி, அதன் அடியில் கிடக்கும் கனத்த விரிப்பையும் தூக்க வேண்டும். கீழே என்னென்ன கிடைக்கும் என்பது தொல்லியல் துறைக்குரியது. நெல்லை அல்வா ஒட்டிய காகிதம் ஒன்று கிடைத்ததை மட்டும் பதிவு செய்யலாம். நெய் கெட்டால் பியூட்டிரிக் அமிலம், அதற்குத் தனி வாடை. மீன் பட்ட இடத்தை முதலில் நல்ல தண்ணீரால் அலசி உப்பை வெளியேற்ற வேண்டும். பிறகு தண்ணீர் கலந்த வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ நனைத்து ஒற்றி, மறுபடி அலசி, நல்ல வெயிலில் எலும்புவரை காயவிட வேண்டும். பால், நெய், வாந்தி, வியர்வை ஆகியவை அமிலக் கட்சி. அவற்றுக்கு ஆப்ப சோடா. கட்சி மாற்றி வைத்தால் வினை. எலுமிச்சை தடவி அடக்கிய மீன்வாடையின் மேல் சோடாவைத் தூவினால், அமிலம் கட்டிப் போட்டதைச் சோடா அவிழ்த்துவிடும்.

அப்புறமும் ஏசி போட்ட உடனே பழந்துணி வாடை வந்தால் குற்றவாளி கூலிங் காயில். அதில் எப்போதும் ஈரம், இருட்டு, தூசி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருந்தால் காலடி மேட்டே குளமாகிவிடும். குழாயைக் குத்திவிட்டு, காயிலைக் கழுவி, கேபின் ஃபில்டரை மாற்ற வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்பே ஏசியை நிறுத்தி, காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் காயில் உலரும். ஓசோன் இயந்திரம் வைத்திருக்கும் கடைகளும் வந்துவிட்டன. வாடையை அது எரிக்கும். ரப்பரையும் பதம் பார்க்கும், ஆள் உள்ளே இருந்தால் நுரையீரலையும்.

கடைசியாகக் கரி. உலகெங்கும் அணு உலைகளின் காற்றோட்டக் குழாய்களில் கதிரியக்க அயோடினைப் பிடித்து நிறுத்தக் கிளர்வூட்டிய கரியைத்தான் வைக்கிறார்கள். ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும் பொருள் அது. அதற்கு விரும்பி எடுக்கப்படும் மூலப்பொருள் தேங்காய்ச் சிரட்டை. அயோடினுக்கே சிரட்டை என்றால் நெத்திலிக்கு ஏன் கூடாது? அடுப்பில் எரித்த சாதாரணக் கரிக்கு அத்தனை நுண்துளை கிடையாது என்பதால் கடையில் விற்கும் கிளர்வூட்டிய கரியையே துணிப்பையில் கட்டி சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். மிச்சம் மீதியை அது இழுத்துக்கொள்ளும். ஊற்றுக்கண்ணை மூடாமல் கரியை வைத்தால் அதுவும் நிறைந்து கைவிட்டுவிடும்.

வாடை போயிற்றா என்பதை உரிமையாளர் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த வாடைக்கும் சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும். வெளியூரிலிருந்து வரும் மதினியைத்தான் ஏற்றிப் பார்க்க வேண்டும். வள்ளியூர் வரை அவர்கள் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோகவில்லை என்றால் ஆய்வு வென்றது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நம் வண்டியில் மதினி தூங்கிவிட்டார்கள்.

இவ்வாறு வாடை முற்றும் நீங்கிய வண்டி விற்பனைக்கு வைக்கப்பட்டது. ராதாபுரத்திலிருந்து வந்தவர் கதவைத் திறந்து தலையை நுழைத்தார். ஆழமாக இழுத்தார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி மோந்தார். ஸ்டெப்னியைத் தூக்கினார். முகம் சுருங்கியது.

"என்ன அண்ணாச்சி, ஒரு வாடையும் இல்ல?"

"இல்லதான். எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"நம்ம பக்கத்து வண்டில வாடையே இல்லன்னா எப்படி? என்னத்தையோ மறைக்கீய."

விலையில் பத்தாயிரம் இறக்கிக் கேட்டார். வாடை நீக்கிய செலவையும் இறங்கிய விலையையும் கூட்டிய கணக்கு, ஆய்வின் நலன் கருதி, பின்னிணைப்பில் சேர்க்கப்படவில்லை.