வரதன் பரதனான கதை

எங்கள் தெருவில் நின்று "வரதா!" என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், எட்டாவதாக ஓர் ஆட்டோ பிரேக் போடும். சின்ன காஞ்சிபுரத்தில், அதுவும் வரதராஜப் பெருமாள் கோயில் மதிலுக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு வேறு பேர் வைக்க என் அப்பாவுக்குத் தோன்றவில்லை. 57 வருஷம் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பேரை ஜப்பானிய மொழி வகுப்பில் முதல் நாளே தொலைத்தேன்.

நான் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன். ஆசிரியர், அலுவலர், அவர்தம் குடும்பத்தார் அனைவருக்கும் ஜப்பானிய மொழி அறிமுக வகுப்பு, மாலையில் ஒரு மணி நேரம், மொத்தம் 10 வகுப்பு, கட்டணம் இல்லை, தேர்வு இல்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை எல்லாத் துறைக்கும் அனுப்பியவன் நான்தான். இருபது வருஷமாகச் சுற்றறிக்கை அனுப்புகிறேன், ஒன்றையும் படித்ததில்லை. இதில் 'தேர்வு இல்லை' என்பது கண்ணில் பட்டுவிட்டது.

"எதுக்குங்க இப்ப ஜப்பான்?" என்றாள் மனைவி. "பேங்க்ல ஒரு செலான் நிரப்பவே பக்கத்துல நிக்கிறவரைக் கேப்பீங்க."

காரணம் இருந்தது. போதிதருமர் எங்கள் ஊர் இளவரசர். சீனத்துப் பழைய குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. அறிஞர்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2011-ல் அவரைப் பற்றிய 'ஏழாம் அறிவு' படம் வெளியானதும் எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்த வழக்கு முடிந்துவிட்டது. (கோயிலில் யார் எதை முதலில் பாடுவது என்ற வடகலை, தென்கலை வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிறது. சினிமா எடுத்தால் அதுவும் முடியுமோ என்னவோ.) சீனம் போன அவரை ஜப்பான்காரர்கள் 'தருமா' என்று கொண்டாடுகிறார்கள். ஊர்க்காரரின் பேரைக் காப்பாற்ற ஒருவனாவது போக வேண்டாமா?

வகுப்பு எடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆசிரியர் என்று பொருள். பேரைச் சொல்லி வணங்குவது முதல் பாடம். நான் எழுந்து, "வதாஷி வா வரதன்-சான் தெஸு" என்றேன். நான் வரதன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்ட நிறைவு எனக்கு. சென்செய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், சான் அடுத்தவங்களுக்குப் போடறது. நமக்கு நாமே போட்டுக்கக் கூடாது" என்றார். போனை எடுத்து 'நான் திருவாளர் வரதன் அவர்கள் பேசுகிறேன்' என்று சொன்ன கதையாகிவிட்டது.

அதோடு விடவில்லை. ஜப்பான்காரர்கள் நாக்குக்கு ஆங்கில V அவ்வளவாக வராது ('வதாஷி'யில் இருப்பது W), 'ப'வாக மாறிவிடும் என்று பலகையில் என் பேரை எழுதிக் காட்டினார். பரதன்! பதினாலு வருஷம் பாதுகையைக் காத்தவன் பேர் எனக்கு எப்படிப் பொருந்தும்? சனிக்கிழமை கோயில் வாசலில் விட்ட செருப்பையே நான் காப்பாற்றியதில்லை. ஊர்ப் பேரும் தப்பவில்லை. 'ன்' தவிர வேறு மெய்யில் முடிகிற சொல்லுக்கெல்லாம் வாலில் ஓர் உயிரெழுத்தைக் கட்டிவிடுவார்களாம். காஞ்சிபுரம், 'காஞ்சீபுரமு' ஆனது. திருப்பதி பஸ்ஸில் ஏறியது போலிருந்தது.

இலக்கணம்தான் என்னைக் கெடுத்தது. 'வதாஷி வா காஞ்சீபுரமு கரா கிமாஷ்தா' என்றால் நான் காஞ்சிபுரத்திலிருந்து வந்தேன். 'கரா' என்பது நம் 'இருந்து', வினை கடைசியில். கேள்வி கேட்க நாம் வாக்கியக் கடைசியில் 'ஆ' போடுகிறோம், அவர்கள் 'கா' போடுகிறார்கள். ஆங்கிலத்துக்காக நாற்பது வருஷம் வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடித்து நின்றவனுக்குச் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானியப் பேராசிரியர் அறுபது வயதை ஒட்டித்தான் தமிழ்ப் பக்கம் வந்தாராம். சென்னையில் பேராசிரியர் பொற்கோவோடு சேர்ந்து உழைத்து, ஜப்பானிய மொழிக்கு வேர் தமிழில் என்று எழுதினார். நம் பொங்கல் நாளை ஒட்டி அங்கே வரும் சின்னப் புத்தாண்டில்கூட நம் வழக்கங்களின் சாயலைக் கண்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை.

நான்காம் வகுப்பில் எண்கள் வந்தன. திண்ணை சரிந்தது. காகிதம் போல் தட்டையானதற்கு ஒரு கணக்கு: இச்சிமை, நிமை. பென்சில் போல் நீளமானதற்கு வேறு: இப்போன், நிஹோன், சன்போன். நாய் பூனைக்கு இப்பிகி, நிஹிகி. மனிதருக்கு ஹிதோரி, ஃபுதாரி. இதில் 'நிஹோன்' என்றால் ஜப்பானும்தான், இரண்டு பென்சிலும்தான். குரலின் ஏற்ற இறக்கத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து புலம்பினேன். பொருளுக்குப் பொருள் எண்ணிக்கை மாறினால் மனுஷன் எப்படிக் கடைக்குப் போவது?

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பூ முழத்துல வாங்கறோம். வெத்தல கவுளில வாங்கறோம். வாழைப்பழம் சீப்பு, கீரை கட்டு. ஆறு பூ குடுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? நீங்க கடைக்கே போறதில்ல, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேச்சுப் பயிற்சிக்கு எதிர்வீட்டுப் பையனைப் பிடித்தேன். 2010-ல் ரெனோவும் நிஸானும் கார் ஆலை திறந்த ஒரகடத்தில், வேறொரு ஜப்பான் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். அவனுக்குத் தெரிந்தவை ஐந்தே சொற்கள்: சேய்ரி, சேய்தோன், சேய்சோ, சேய்கெத்ஸு, ஷித்ஸுகே. வேண்டாததைக் கழி, மிச்சத்தை அடுக்கு, துடை, அதையே முறையாக்கு, அதிலேயே ஒழுங்காக நில். தொழிற்சாலையில் இதை ஃபைவ் எஸ் என்பார்களாம். கழிக்க வேண்டிய சாமானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள் என்றும் சொல்லிவைத்தான். இவள் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் உடைந்த மிக்ஸி ஜாருக்கு ஒரு சீட்டு, மூன்று வருஷத்துப் பஞ்சாங்கங்களுக்கு ஒரு சீட்டு. மூன்றாவது சீட்டை ஈஸிசேரில் ஒட்டினாள், நான் அதில் படுத்திருக்கும்போதே. சேருக்கா ஆளுக்கா என்று நான் விளக்கம் கேட்கவில்லை.

பத்தாவது வகுப்பில் சென்செய் ஆளுக்கொரு தருமா பொம்மை கொடுத்தார். உள்ளங்கை அளவு, சிவப்பு, காகிதக் கூழில் செய்தது. ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்துத் தியானத்தில் உட்கார்ந்ததில் போதிதருமருக்குக் கால் போய்விட்டது என்பது கதை. அதனால் பொம்மைக்குக் கால் கிடையாது. கண்ணும் வெறும் வெள்ளை. ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை வரைய வேண்டும், நினைத்தது கைகூடினால் மற்றதை.

ஹிராகானா 46 எழுத்தையும் பார்க்காமல் எழுதுவேன் என்று நினைத்து இடது கண்ணைத் தீட்டினேன். 247 படித்தவனுக்கு 46 எம்மாத்திரம்? கதாகானா என்று அதே ஒலிகளுக்கு இன்னொரு 46 இருப்பதையும், அதற்கு மேல் அன்றாடப் புழக்கத்துக்கென்று 2,136 சித்திர எழுத்துகள் இருப்பதையும் அப்போது நினைக்கவில்லை. 29-ல் நின்றேன். 'நு'வுக்கும் 'மெ'வுக்கும் கடைசியில் ஒரு சுழிதான் வித்தியாசம். இரண்டு சுழி, மூன்று சுழியில் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய குட்டு தலையில் மறுபடி வலித்தது. அப்பா தறியில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த ஓர் இழையைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். அந்தக் கண் எனக்கு வரவில்லை.

நாலு மாதம் ஒற்றைக் கண்ணோடு தருமா ஃபிரிட்ஜ் மேலிருந்து என்னையே பார்த்தார். நவராத்திரி வந்தது. அலுவலகம் விட்டு வந்து பார்த்தால், கொலுவில் மூன்றாவது படியில், தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில், இரண்டு கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்! வலது கண் கண்மையில் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் ஈஷி.

"யாரைக் கேட்டு வெச்ச?"

"கண்ணத் தொறக்காத பொம்மையைப் படியில வைப்பாங்களா? நம்ம ஊர்ப் பிள்ளைன்னு நீங்கதானே சொன்னீங்க."

அடுத்த மாதம் இரண்டாம் நிலை வகுப்பு. சுற்றறிக்கை நேற்றுத்தான் என் மேஜைக்கு வந்தது. தகுதி: ஹிராகானா முழுதும் தெரிந்திருக்க வேண்டும். பொம்மையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாமென்று இருக்கிறேன்.