கூரை இல்லாத கார், முட்டி மாற்றிய கால்

அபிங்டன், ஆக்ஸ்போர்டுஷயர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ரிட்டயர் ஆனவர்கள் அந்த ஊரில் பொழுதை எப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். திண்ணை கிடையாது, பிரதோஷம் கிடையாது, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் வேலையும் பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. பொழுதை ஓட்டுவதற்குப் பதிலாகக் கார் ஓட்டுகிறார்கள். அதுவும் சாதாரணக் கார் இல்லை. இரண்டே இருக்கை, தலைக்கு மேல் கூரை இல்லாமல், தரையை ஒட்டிக்கொண்டு போகிற ஸ்போர்ட்ஸ் கார்.

இதற்கு அரசாங்கத்தின் ஆசியும் உண்டு. 2014 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், 55 வயதைக் கடந்தவர்கள் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பை இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. முதல் கால் பங்குக்கு வரியும் இல்லை. பெருசுகள் மொத்தத்தையும் எடுத்து ஊதித் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தபோது, ஓய்வூதிய அமைச்சர் ஸ்டீவ் வெப் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒருவர் லம்போர்கினி வாங்கிவிட்டு அப்புறம் அரசு பென்ஷனில் காலம் தள்ளினால் அது அவர் பாடு என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார். பி.எஃப். பணம் கைக்கு வருவதற்கு முன்பே மகள் கல்யாணம், மாடியில் ஒரு போர்ஷன், மிச்சத்துக்கு போஸ்ட் ஆபீஸ் என்று பங்கு பிரித்துவிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு மந்திரி வாயிலிருந்து இப்படி வருவது காதில் தேன்தான். சித்தியிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்ட வேண்டாம்.

லம்போர்கினியை இந்தத் தெருவில் யாரும் வாங்கவில்லை. அதற்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் வேண்டும். வாங்கினாலும் இங்கே நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 1965 டிசம்பரில் சும்மா சோதனைக்கு என்று கொண்டுவந்த வரம்பு, அப்படியே நிலைத்துவிட்டது. ஊருக்குள் 30, பல இடங்களில் 20. ஆகவே விவரம் தெரிந்த பெரியவர்கள் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, அதைவிடப் பழைய எம்ஜிபி என்று கைக்கு அடக்கமாக முடித்துக்கொள்கிறார்கள்.

எதிர்வீட்டு அம்மையாருக்கு 71 வயது. பள்ளிக்கூட நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். வைத்திருப்பது எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை வண்டி. பொத்தானை அழுத்தினால் முகப்பு விளக்குகள் இரண்டும் மேலே எழும்பும். இந்தக் காரின் பிறப்பே ஒரு வேடிக்கை. 1950, 60-களில் இங்கிலாந்துக்காரர்கள் கூரையில்லாத சின்னக் கார்களைச் செய்து உலகத்துக்கே விற்றார்கள். மழை வந்தால் உள்ளே ஒழுகும், காலையில் கிளம்பாது, ஆனால் ஓட்டினால் இறங்க மனசு வராது. பிறகு அந்தத் தொழிலே நொடித்துப்போனது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், அந்த மாதிரிக் காரை ஒழுங்காகக் கிளம்புகிற மாதிரி ஜப்பான்காரர்கள் செய்யக்கூடாதா என்று 1979-இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் கேட்டார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வந்து நின்றது. 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகள் ஆகிவிட்டன. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றது வேறெதுவும் இல்லை என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

அம்மையார் கூரையைத் திறப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைச் சுற்றிவரத் திறந்து, அதைப் படுக்கப் போடுவார். குளிரில் அந்த பிளாஸ்டிக் விறைத்திருக்கும். அவசரப்பட்டு மடக்கினால் வெடிப்பு விட்டுவிடும். அப்புறம் முன்கண்ணாடிக்கு மேலே உள்ள இரண்டு கொக்கிகளை விடுவித்து, கூரையை ஒரே தள்ளாகப் பின்னால் தள்ளுவார். மழை தூறினால் சிக்னலில் நிற்கும்போதே உட்கார்ந்தபடி ஒரு கையால் இழுத்து மூடிவிடுவார். ஜனவரியில்கூடத் திறந்துதான் போகிறார்: காலடியில் ஹீட்டர் முழு வேகத்தில், மடியில் கம்பளி, தலையில் குல்லாய். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை முன்கண்ணாடி காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிடுவதால் அவ்வளவாகக் குளிராதாம். நின்றால்தான் நடுக்கம். அதனால் நிற்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதை வேறு. அவருக்கு 74. ஒரு கிராமத்துக் கிளை அலுவலகத்தில் தபால் வேலை பார்த்தவர். அவரிடம் இருப்பது இந்த ஊரிலேயே பிறந்த எம்ஜிபி. அபிங்டனில்தான் எம்ஜி தொழிற்சாலை இருந்தது. 1962-லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் எம்ஜிபி இங்கிருந்து போயிருக்கிறது, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. 1980 அக்டோபரில் ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது ஊர் அருங்காட்சியகத்தில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மற்றவை ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் திரிகின்றன.

சித்தப்பா, இங்கேதான் உங்களுக்கு ஒரு சேதி. எம்ஜி என்றால் மோரிஸ் கராஜஸ். அதே மோரிஸ் குடும்பத்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3-தான் நம்மூருக்கு வந்து அம்பாசடர் ஆனது. அதோடு விடவில்லை. எம்ஜிபியில் இருப்பது பி-சீரீஸ் என்ற குடும்பத்து 1798 சிசி எஞ்சின். அம்பாசடரில் வெகுகாலம் ஓடியது அதே பி-சீரீஸின் 1489 சிசி எஞ்சின். ஆக, நீங்கள் முப்பது வருஷம் ‘கட்டை வண்டி’ என்று திட்டிக்கொண்டே ஓட்டியது இந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெரியவரிடம் இதைச் சொன்னதும் பானெட்டைத் தூக்கிவிட்டு உங்கள் வண்டியின் போட்டோ கேட்டார். அனுப்பிவையுங்கள். பக்கத்தில் எருமை நிற்காத போட்டோவாக இருந்தால் நல்லது.

அந்த வண்டியில் ஏறுவது ஒரு தனி வித்தை. நின்றபடி காலை உள்ளே வைத்தால் கதை முடிந்தது. கதவை அகலத் திறந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையைக் கதவின் அடிச்சட்டத்தில் ஊன்றி, உட்காரும் பாகத்தை மெதுவாக இறக்க வேண்டும். இருக்கை எங்கே என்று தேடும் அந்த இரண்டு விநாடியில் பெரியவரின் முகத்தில் பக்தி தெரியும். உட்கார்ந்த பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே வலது காலைச் செருகி, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். இறங்குவது இதே காரியம் தலைகீழாக, கூடவே முனகல். அவர் மனைவி, எழுந்துகொள்ள உதவவும் மாட்டார், பார்க்காமல் இருக்கவும் மாட்டார்.

போன ஆண்டு அவருக்கு இடது முட்டியை மாற்றினார்கள். ஆறு வாரம் வண்டி தொடக்கூடாது என்றார்கள்; கிளட்ச் இடது காலுக்கு ஆயிற்றே. அந்த ஆறு வாரமும் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் குரோமியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு இந்தச் சிரமம் இல்லை. விட்னி என்ற பக்கத்து ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், ஆலையில் பயன்பட்ட பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்குப் புத்தம் புது உடம்பு செய்து விற்கிறது. துருப்பிடித்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது உடம்புக்குள் பழைய எஞ்சினை வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் அந்த வசதி முட்டி வரைக்கும்தான் வந்திருக்கிறது.

சட்டம்தான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. நம்மூரில் நாற்பது தாண்டினாலே லைசென்ஸுக்கு டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். இங்கே 70 வயதில் லைசென்ஸ் முடிகிறது. அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை, ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, 20 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஓட்டுகிறவரே எழுதிக் கொடுத்தால் போதும். காருக்கோ 40 வயது தாண்டினால் சாலை வரி இல்லை, எம்ஓடி என்ற ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. ஆக வண்டியையும் கேட்பாரில்லை, ஓட்டுகிறவரையும் கேட்பாரில்லை. இது சரியில்லை, கண் பரிசோதனையாவது கட்டாயமாக்குங்கள் என்று ஒரு தரப்பு நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது, நியாயமான பேச்சுதான். வயதானவர்கள் வேகத்தால் முட்டிக்கொள்வது குறைவு. சந்திப்பில் எதிரே வரும் வண்டியின் தூரத்தைத் தவறாகக் கணித்து வலப்புறம் திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர் அதற்கென்றே வலப்புறத் திருப்பம் குறைவாக உள்ள வழியாகப் பார்த்து டீக்கடைக்குப் போகிறார். எம்ஓடிக்கும் தானாகவே கொண்டுபோய்க் காட்டுகிறார். காது மெஷினை மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார். காற்றில் விசில் அடிக்கிறதாம். மனைவி வழி சொல்வதும் கேட்காது என்பது உபரி லாபம்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம் ஸ்டர்லிங் மாஸ். பந்தயத்தில் பெரும் புகழ் பெற்ற அவர் 2011 ஜூனில், 81 வயதில், லெ மான்ஸில் ஒரு பழைய போர்ஷேயில் தகுதிச் சுற்று ஓட்டிக்கொண்டிருந்தபோது, தனக்கே பயம் வந்துவிட்டது என்று சொல்லி அன்றே பந்தயத்துக்கு முழுக்குப் போட்டார். யாரும் பிடித்து இழுக்கவில்லை. நடிகர் பால் நியூமன் எதிர்த்திசை. முதல் பந்தயமே 47 வயதில். 70 வயதில், 1995-இல், டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் இருந்த அணி தன் பிரிவில் முதலாவதாக வந்தது.

அம்மையார் இந்த ஆண்பிள்ளைக் கதைகளைக் கேட்டுவிட்டு ரோஸ்மேரி ஸ்மித்தை எடுத்து வீசுவார். 1965-இல் ஹில்மன் இம்ப் என்ற பொடிக் காரில் டச்சு நாட்டு ட்யூலிப் ராலியை வென்ற டப்ளின்காரி. 2017-இல் 79 வயதில் ரெனோ ஃபார்முலா 1 காரில் ஏறி ஓட்டியவர். அதற்குப் பெரியவரிடம் பதில் இல்லை. மன்னர் சார்லஸ் பக்கம் ஒதுங்கிவிடுவார்: 21-வது பிறந்தநாளுக்கு அம்மா கொடுத்த ஆஸ்டன் மார்ட்டினை மன்னர் இன்னமும் வைத்திருக்கிறார், மிஞ்சிப்போன ஒயினிலிருந்தும் பாலாடைக்கட்டி செய்த மிச்ச நீரிலிருந்தும் எடுத்த எரிபொருளில் அது ஓடுகிறது. வண்டிக்கு ஒயின் ஊற்றும் நாட்டில் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்கலாமா என்பது அவர் வாதம்.

இத்தனை ஆர்ப்பாட்டமும் எதற்கு என்றால், பதினைந்து மைல் தள்ளி ஒரு டீக்கடைக்கு. தரையை ஒட்டி உட்கார்ந்து போவதால் 50 மைல் வேகமே பறப்பதாகத் தெரிகிறது. வேலி ஓரத்துச் செடி, வெட்டிய புல், பன்றிப் பண்ணை எல்லாம் மூக்குக்கு நேரே வருகின்றன. எதிரே இன்னொரு எம்ஜி வந்தால் இருவரும் கை தூக்கிக்கொள்வார்கள். கடையில் டீயும் ஸ்கோனும் சாப்பிட்டுவிட்டு, அடுத்தவன் வண்டியின் எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஜூனில் நீங்கள் இருவரும் வரும்போது ஒரு சவாரி உண்டு என்று பெரியவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டே இருக்கை என்பதால் சித்தியைத்தான் ஏற்றிக்கொள்வாராம். அப்பளக் கட்டும் ஊறுகாயும் டிக்கியில் கொள்ளாது. அவற்றோடு நீங்கள் பஸ்ஸில் வந்துவிடலாம். ஆக்ஸ்போர்டிலிருந்து இங்கே அடிக்கடி பஸ் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்