துண்டுக்குள் எண்ணிய வாக்கு

உள்ளாட்சி மன்றங்களில் தீர்மானம் எவ்வாறு பிறக்கிறது என்பது குறித்து இரண்டு கருத்துகள் வழங்குகின்றன. உறுப்பினர்கள் கூடி, விவாதித்து, கைதூக்கி முடிவெடுக்கிறார்கள் என்பது சட்டப் புத்தகத்தின் கருத்து. முடிவு எங்கோ எடுக்கப்பட்டுவிட, கூட்டம் அதற்குத் தேதி மட்டும் போடுகிறது என்பது தேநீர்க்கடையின் கருத்து. ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தையின் ஓரத்தில் நிகழ்வதாகக் கற்பிக்கப்பட்ட பின்வரும் உரையாடலில் இவ்விரு கட்சிகளும் நேருக்கு நேர் அமர்கின்றன. முதலாமவர், பெயர் சொல்ல வேண்டாத ஒரு நகராட்சியில் தீர்மானப் புத்தகம் எழுதி ஓய்வுபெற்ற எழுத்தர். 'ஏகமனதாக' என்ற சொல்லை அவரளவுக்கு முத்து முத்தாக எழுதியவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இல்லை. இரண்டாமவர் மாட்டுத் தரகர். துண்டு போட்டு விலை பேசுவதில் தேர்ந்தவர். துண்டு போடுவதாவது, பேரம் பேசும் இருவர் தம் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பற்றியும் அழுத்தியும் தொகையைத் தெரிவித்துக்கொள்ளும் முறை. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டுமே தெரியும்.

எழுத்தர்: தரகரே, பட்டப்பகலில் இத்தனை பேர் நடுவில் கையை மூடி விலை பேசுகிறீரே, இது முறையா? மன்றத்தைப் பாரும். பொருள் நிரல் முன்கூட்டியே வழங்கப்படும், 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்' என்று வாசிக்கப்படும், மேசை தட்டப்படும், ஏகமனதாக நிறைவேறியதாக எழுதப்படும். ஒளிவுமறைவுக்கு அங்கே இடமே இல்லை.

தரகர்: எத்தனை பொருள் ஐயா, எவ்வளவு நேரத்தில்?

எழுத்தர்: அறுபது எழுபது இருந்தாலும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தரகர்: அறுபதையும் படித்துப் பார்த்தவர் யார்?

எழுத்தர்: தட்டச்சு செய்தவர். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் 'பின்னேற்பு' என்ற ஏற்பாடு இருக்கிறது. அவசர அவசியம் கருதி வேலையை முதலில் முடித்துவிட்டு மன்றத்தின் அனுமதியைப் பிறகு பெறுவதற்கு அந்தப் பெயர். சாக்கடை கட்டியாயிற்று, ஒப்பந்ததாரர் ஊருக்கும் போயாயிற்று என்றான பிறகு, மன்றம் வேண்டாமென்றால் அதைத் தூர்க்கவா முடியும்?

தரகர்: எதிர்ப்பவர் ஒருவரும் இல்லையா?

எழுத்தர்: இல்லாமல் என்ன! காலிக் குடத்தோடு வந்து, முழக்கமிட்டு, வெளிநடப்புச் செய்வார்கள். எதிர்த்தவர்கள் வெளியே போய்விட்டபடியால் உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே மனம். 'ஏகமனதாக' என்று எழுதுவதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

தரகர்: பக்கத்தில் ஓசூர் மாநகராட்சியாகிவிட்டதே, அங்கும் இப்படித்தானா?

எழுத்தர்: ஓசூர் பிறந்ததே மன்றம் இல்லாத காலத்தில். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. இடையில், 2019 பிப்ரவரியில், ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. 45 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்து உட்காரும் வரை மூன்று ஆண்டுகள் தனி அலுவலரே மன்றமாக இருந்தார். தனி அலுவலர் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் அவர்கள் அதிகாரம் முழுவதையும் தாமே செலுத்தும் அரசு அதிகாரி. மன்றமில்லாமல் இருப்பதில் சென்னைக்கு அனுபவம் அதிகம். 1688-இல் தொடங்கிய அந்த மாநகராட்சியின் மன்றம், வேலைக்கு வராத கூலியாட்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் ஏற்றிக் கூலி எடுத்த 'மஸ்டர் ரோல்' ஊழலை அடுத்து 1973-இல் கலைக்கப்பட்டு, 1996 வரை திரும்ப அமையவில்லை. 23 ஆண்டுகளில் ஒரு வெளிநடப்பு உண்டா?

தரகர்: இல்லாத ஆட்களுக்குக் கூலி கொடுத்த குற்றத்துக்குத் தண்டனையாக, இல்லாத மன்றத்துக்கு ஊரார் வரி கட்டினார்கள், அப்படித்தானே?

எழுத்தர் இக்கேள்வியைக் கேளாதவர்போல் கண்ணாடியைத் துடைத்தார். குறிப்பேட்டில் ஏறக்கூடாத பேச்சுகளுக்கு மன்றத்தில் அவர் கடைப்பிடித்த முறையும் அதுவே.

எழுத்தர்: மன்றத்தின் வலிமையைக் குறைவாக எண்ண வேண்டாம். மேயரையே நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரவு வேண்டும். ஓசூரில் என்றால் 36 பேர், 55 உறுப்பினர்களைக் கொண்ட திருநெல்வேலியில் 44 பேர். நெல்லையில் 2024 ஜனவரி 12 அன்று அதற்கென்றே கூட்டமும் கூட்டப்பட்டது.

தரகர்: எத்தனை பேர் கைதூக்கினார்கள்?

எழுத்தர்: தூக்குவதற்குக் கை வர வேண்டாமா? 55 பேரில் ஒருவரும் வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கூட்டம் கேட்டவர்களும் வரவில்லை. தீர்மானம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 29 அன்று காஞ்சிபுரத்தில் 51 உறுப்பினர்களும் இதே ஒற்றுமையைக் காட்டினார்கள்.

தரகர்: நெல்லை மேயர் தப்பினார் என்று சொல்லும்.

எழுத்தர்: தப்பினார், ஜூலை முதல் வாரத்தில் பதவி விலகினார். கோவை மேயரும் அதே நாளில் விலகினார்.

தரகர்: 44 பேர் கூடித்தான் இறக்க முடியும் என்ற மேயரை, ஒருவரும் கூடாமல் இறக்கியது யார்?

எழுத்தர்: அது பொருள் நிரலில் இல்லை.

தரகர்: சரி, அடுத்த மேயர்?

எழுத்தர்: ஆகஸ்ட் 5 அன்று மறைமுகத் தேர்தல் நடந்தது. மக்கள் நேரடியாக வாக்களிக்காமல், மன்ற உறுப்பினர்களே இரகசியச் சீட்டில் தேர்வு செய்வது அது. திமுக அறிவித்த வேட்பாளர் ராமகிருஷ்ணனுக்கு 30 வாக்கு. அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்ற பவுல்ராஜுக்கு 23.

தரகர்: இப்போது சொல்லும் ஐயா! நாலு பேர் பார்க்கக் கைதூக்கச் சொன்னால் எல்லாரும் ஒரே மனம். கையை மூடிவிட்டால் 23 பேருக்கு வேறு மனம். பங்காளி முகத்தையும் கடன்காரன் முகத்தையும் பார்க்காமல், மாட்டுக்கு மனத்தில் உள்ள விலையைச் சொல்லத்தான் துண்டு இருக்கிறது.

எழுத்தர்: அதற்காகச் சாலைக்கும் குடிநீருக்கும் துண்டு போடலாமா? தன் வார்டு உறுப்பினர் எதற்கு ஆதரவு கொடுத்தார், எதை எதிர்த்தார் என்று வரி கட்டுபவன் அறிய வேண்டாமா?

தரகர்: கட்டாயம் அறிய வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராகப் புத்தகத்தில் எழுதி வைத்தீரா?

எழுத்தர்: ஏகமனது என்று எழுதிய பிறகு பெயர் எதற்கு?

வாதத்தில் எழுத்தர் சறுக்கியது இந்த இடத்தில்தான். திறந்த வாக்கின் பயன் பொறுப்பு, மூடிய வாக்கின் பயன் துணிவு. கை வெளியே தெரிய, பெயர் மட்டும் தெரியாத மன்றமோ இரண்டையும் இழந்து நிற்கிறது. ஆயினும் எழுத்தர் தளரவில்லை.

எழுத்தர்: உங்கள் போச்சம்பள்ளி வட்டத்து ஊராட்சிகளையே எடுத்துக்கொள்ளும். கிருஷ்ணகிரி உட்பட, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே தலைவர், அவரே உறுப்பினர்கள். முன்மொழிவதும் அவர், வழிமொழிவதும் அவர், நிறைவேற்றுவதும் அவர். ஏகமனது என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் பணிக்காலம் முழுவதும் கண்ணில் படவில்லை!

தரகர்: விற்பவரும் அவர், வாங்குபவரும் அவர் என்றால், தரகு யாரிடம் ஐயா கேட்பது?