கிராணியார் கணக்கு

"காண்ட்ரேக்டர், பதினாலாம் புளோக்குல எத்தனை மரம் நிக்குது?"

செம்பனைக்கு மருந்தடிக்க வந்த என்னிடம் இதைக் கேட்பவர், அந்தத் தோட்டத்து ஆபீசிலேயே நரைத்துப்போன நிரந்தரக் கிராணி. மரக்கணக்கு அவர் அலமாரியில் இருக்கிறது. சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. ஹெக்டருக்கு 136 என்று நட்டதில் மின்னல் கருக்கியது, கானோடெர்மா சாய்த்தது போக மிச்சம் எத்தனையோ, அதற்குத்தான் எனக்குக் கூலி.

1,520 என்பேன். அவர் பேனா 1,250 என்று எழுதும். மாசக் கடைசியில் ஆள் விட்டுக் கூப்பிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்க கிளேமும் ஆபீஸ் புக்கும் ஒத்து வரலியே" என்பார். அந்தப் புக்கில் இருப்பதே நான் சொன்ன கணக்குத்தானே ஐயா என்றால், "அப்ப நீங்கதான் தப்பாச் சொல்லியிருக்கீங்க" என்று முடித்துவிடுவார். எந்த வக்கீலிடமும் இதற்குப் பதில் கிடையாது.

நேரில் வந்து எண்ணிப் பாருங்கள் என்றால் முட்டி வலி. முட்டி சரியான நாளில் மழை. மழை விட்ட நாளில் அட்டை. கடைசியில் நானே ஆள் விட்டு எண்ணி, மரத்துக்கு மரம் சாயக்கோடு போட்டு, வரிசைவாரியாகக் கட்டம் கட்டி எழுதிக் கொடுப்பேன். அதைத் தன் கையெழுத்தில் படியெடுத்து மேனேஜரிடம் நீட்டுவார். மேனேஜர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்த சேதி மண்டோர் மூலம் எனக்கு வந்து சேரும்.

பத்து மணித் தேநீர், வெள்ளிக்கிழமை மட்டும் தொலைந்துபோகும் முத்திரை, இதையெல்லாம் நான் பெரிதுபடுத்துவதில்லை.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, எங்கே போனாலும் இவர் இருக்கிறார். ஆயர் குரோ தொழிற்பேட்டையில் வயரிங் எடுத்துச் செய்யும் என் மச்சான், அங்கே இவருக்கு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் என்று பெயர் என்கிறான். மெயின் சுவிட்ச் எங்கே என்று இவன்தான் அவருக்குக் காட்டினானாம். 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபோதே, ஒரு கிராணி பக்கத்தில் நின்று 'கன்று எத்தனை?' என்று நட்டவரையே கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

மனுஷன் கெட்டவரில்லை. என் வங்காளதேசத்து ஆளுக்கு ராத்திரியில் காய்ச்சல் கண்டபோது, தன் காரிலேயே ஜாசின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். பாரத்தில் மட்டும் நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதிவிட்டார்.

ஆனால் வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிராணிமாருக்குச் சங்கம் உண்டு. தொழிலாளிக்கு 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உண்டு. எனக்கு இருப்பது லோரித் தவணை. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஆட்களுக்கு நான் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். என் கிளேமுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர் கையெழுத்து தள்ளிப்போகிற மாசமெல்லாம் வட்டிக்கு வாங்கித்தான் சம்பளம் போடுகிறேன்.

மேனேஜர்மார்களே, மாசத்துக்கு ஒரு காலை உங்கள் கிராணியைக் கப்சாயில் ஏற்றிப் பதினாலாம் புளோக்கில் இறக்கிவிடுங்கள். ஆபீசுக்குத் திரும்பும் வழியை நாங்கள் காட்டுகிறோம். அதற்குக் கிளேம் போட மாட்டோம்.