ஸ்கேன் சார்

புதுவையில் எந்த வீதியில் குடியிருந்தாலும் உங்களுக்கு ஒரு ஸ்கேன் சார் வாய்த்திருப்பார். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவ், வண்டிச் சாவிக்கொத்தில் இன்னொன்று. சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டிகளை மறித்ததும் காந்தி சிலைப் பக்கம் நடக்க வருவார். வந்த இடத்தில் யாராவது, "வீட்டு கம்ப்யூட்டர் கொஞ்ச நாளா ஸ்லோவா இருக்கு சார்" என்று வாயை விட்டால் போதும், அன்றைக்கு நடை அதோடு சரி.

"என்ன ஆண்டிவைரஸ் போட்டிருக்கீங்க?"

எதைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். ஒன்றும் போடவில்லை என்றால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

ஆண்டிவைரஸ் தேர்ந்தெடுப்பது அவருக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கிற காரியம். ஊர், குலம், சம்பந்தம் எல்லாம் விசாரித்தாக வேண்டும். கே7 என்றால், "நம்ம சென்னைப் பிள்ளை சார், ஜப்பான்காரனே வாங்கிப் போட்டிருக்கான்" என்று ஒரு பெருமை. குவிக் ஹீல் புனே சம்பந்தம். அண்ணன் கைலாஷ் கட்கர் கால்குலேட்டர் ரிப்பேர் பார்த்து முன்னுக்கு வந்தவர், தம்பி சஞ்சய் புரோகிராம் எழுதியவர்; உழைப்பாளிக் குடும்பம். அவாஸ்ட் செக் நாட்டுக்காரன். 2016-ல் ஏவிஜியை வளைத்துப் போட்டான், 2022-ல் தானே நார்ட்டனோடு போய்ச் சேர்ந்துவிட்டான், "இப்ப யார் வீட்டுப் பிள்ளைன்னே தெரியல." போதாக்குறைக்கு, வாடிக்கையாளர்கள் இணையத்தில் எங்கெங்கே போய் வந்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதனிடம் 1.65 கோடி டாலர் கறந்தது. "காவலுக்கு வந்தவன் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா?" என்று சார் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். காஸ்பர்ஸ்கியை ஒரு காலத்தில் தலையில் வைத்துக் கொண்டாடியவர், 2024-ல் அமெரிக்கா அதன் விற்பனையைத் தடை செய்ததும், நிச்சயதார்த்தத்தோடு நின்றுபோன சம்பந்தம் மாதிரி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

விண்டோஸோடு கூடவே வருகிற டிஃபெண்டருக்கு இந்த லிஸ்டில் இடமே கிடையாது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் மாக்டபர்க் என்ற ஊரில் ஆண்டிவைரஸ்களுக்கென்றே பரீட்சை வைக்கிற ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், தொல்லை கொடுக்காமை என்று மூன்று பேப்பர். பேப்பருக்கு ஆறு மார்க். டிஃபெண்டர் பலமுறை பதினெட்டுக்குப் பதினெட்டு வாங்கியிருக்கிறது. சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். "சும்மா வேலை செய்யறவன் எதுக்கு சார் ஒழுங்கா செய்வான்?" வீட்டோடு மாப்பிள்ளைக்கு எந்தக் காலத்தில் மரியாதை இருந்தது?

என்னைக் கேட்டால், வீட்டில் கரண்ட் பில் கட்டவும் பேத்தி புராஜெக்ட் அடிக்கவும் இருக்கிற கம்ப்யூட்டருக்கு அந்த வீட்டோடு மாப்பிள்ளையே போதும். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தாமல், முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் தனி ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி எடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி பீரோவில் வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்? சாரைத்தான் கேட்கிறார்கள்.

சார் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று ஆண்டிவைரஸ். "ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் பார்ப்பான்" என்பது அவர் கணக்கு. நடப்பது வேறு. ஒரு ஃபைலைத் திறந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் சேமித்து வைத்திருக்கும் வைரஸ் அடையாளங்களைப் பார்த்து மற்றவர் திருடன் திருடன் என்று கத்துகிறார். டிஃபெண்டர் மட்டும் விவரமான ஆள். வெளியாள் ஒருவர் வந்ததுமே ஒதுங்கிக்கொள்ளும். காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு சார் பால் வாங்கி, காபி குடித்து, பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரை படித்து முடித்து வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

மூன்றில் ஒன்றுக்குத்தான் பில் உண்டு. மற்ற இரண்டும் கிராக் போட்டவை. "இதை இன்ஸ்டால் செய்யும்போது ஆண்டிவைரஸை அணைத்து வைக்கவும்" என்று கிராக்கோடு ஒரு குறிப்பு வரும். சார் பக்தி சிரத்தையாக அணைத்து வைப்பார்.

அப்டேட்டை மட்டும் அவர் அனுமதிப்பதில்லை. "கம்ப்யூட்டரை ஸ்லோ ஆக்கறதே அதுதான் சார்." 2017 மே 12 அன்று வான்னாக்ரை கிளம்பி, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளையே முடக்கி, ஃபைல்களைப் பூட்டிவைத்து சாவிக்குக் காசு கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டிருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். சார் போடவில்லை, ஆனாலும் மாட்டவில்லை. அன்றைக்கு மூன்று ஆண்டிவைரஸும் போட்ட சண்டையில் கம்ப்யூட்டர் ஆன் ஆகவேயில்லை.

வைரஸ் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1986-ல் லாகூரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் எழுதிய 'பிரெயின்' வைரஸுக்குள் அவர்களுடைய பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்தன. "அப்ப வைரஸுக்கே ஒரு நாணயம் இருந்துச்சு சார்" என்று பெருமூச்சு விடுவார்.

அவருடைய வித்தைகளில் உச்சம் ஐகார் பரீட்சை. ஆண்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஐரோப்பியர்கள் ஆபத்தில்லாத ஒரு சோதனை வரி செய்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் 68 எழுத்து, குறிகள். அதை நோட்பேடில் அடித்து சேமித்தால் ஒழுங்கான ஆண்டிவைரஸ் உடனே அலற வேண்டும். சாருக்கு அந்த 68-ம் மனப்பாடம். சகஸ்ரநாமம் சொல்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்.

குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தா வீட்டம்மா. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மகன் பாரிசிலிருந்து லேப்டாப் அனுப்பியிருந்தான். விண்டோஸ், ஆண்டிவைரஸ் எல்லாமே பிரெஞ்சு. "தம்பி, அடிக்கடி ஏதோ கட்டம் கட்டமா வருதுப்பா" என்று அந்தம்மா கூப்பிட்டனுப்ப, சார் போனார்.

"மதாம், முதல்ல உங்க ஆண்டிவைரஸ் முழிச்சிருக்கா பார்ப்போம்."

கண்ணை மூடினார், அடித்தார், சேமித்தார். லேப்டாப் மூச்சு விடவில்லை. மறுபடி அடித்தார். ஊகூம். பிரெஞ்சுக் கீபோர்டில் நம் ஏ இருக்கிற இடத்தில் க்யூ இருக்கும். எண் விழுவதற்கே ஷிஃப்டை அழுத்த வேண்டும். ஆச்சரியக்குறி எங்கேயோ ஒரு மூலையில். நோட்பேடில் விழுந்திருந்தது எந்த மொழியிலும் சேராத ஒரு வரி. அதைக் கண்டு அலறாததற்காக அந்த ஆண்டிவைரஸுக்கு மெடல் கொடுக்கலாம். சார் கண்ணைத் திறந்து தீர்ப்பு சொன்னார்: "பிரெஞ்சுக்காரன் சரக்கு சுத்த வேஸ்ட் மதாம்." எடுத்துவிட்டு, பையிலிருந்த பென் டிரைவைச் செருகி, தன் கிராக்கில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அந்தம்மா பூரித்துப்போய் டம்ளர் நிறைய காபி கொடுத்தார்.

இவ்வளவு காவல் காக்கிறவருடைய செல்போனில் ஒன்றுமே கிடையாது. "போனுக்கு எதுக்கு சார்?" என்பார். வாட்ஸப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, தெரியாத நம்பரிலிருந்து. வரன் விசாரிக்கிற வழக்கம் உள்ளவர் பத்திரிகையைப் பார்க்காமல் இருப்பாரா? யார் வீட்டுக் கல்யாணம் என்று தொட்டார். 'இன்ஸ்டால் செய்யவா?' என்று கேட்டது. செய் என்றார். 'எஸ்எம்எஸ் படிக்கலாமா?' என்று கேட்டது. தாராளமாக என்றார். ராத்திரி வங்கியிலிருந்து ஓடிபி மேல் ஓடிபியாக வந்ததும், அவர் பார்ப்பதற்கு முன்னால் வேறு யாரோ அதைப் படித்து முடித்ததும் பொழுது விடிந்துதான் தெரிந்தது.

ஆகவே வாசகர்களே, பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பேங்க் கேஒய்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஃபைலின் வால் ஏபிகே என்று முடிந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். தொட்டுப் பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். ஸ்கேன் சாரைக் கூப்பிட வேண்டாம். அவர் லைன் பிஸி, அதே நம்பரில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.