மூடிய தொறக்காத, மருமகனே

வா மருமகனே. ராத்திரி ரயில்ல வந்து பதுளை ஸ்டேஷன்ல இறங்கி, பெத்தவள பாக்காம நேரா வெல்டிங் பட்டறைக்குப் போனியாமே? ஒங்கம்மா மூக்கச் சிந்துறா. சிந்தட்டும், அத மாமன் பாத்துக்கிறேன். நீ அந்தத் தகரப் பெரல இப்படி உருட்டு.

முப்பது வருஷம் தேயிலை ஸ்டோருல டிரையர் அடுப்புக்கு முன்னால நின்னவன் நான். இத்தனை வருஷமும் எனக்கு ஒரே வேலை, தேயிலையில புகை ஏறாம பாக்குறது. அடுப்புக் குழாயில மயிரிழை வெடிப்பு விட்டாலும் தூள் கருவாட்டுச் சட்டி மாதிரி நாறும். டீமேக்கர் ஒரு சிட்டிகைய உள்ளங்கையில வச்சு மோந்து பாப்பாரு, அடுத்தாப்புல என்னையும் மோந்து பாப்பாரு. இப்ப நீ வந்து இறைச்சியில புகை ஏத்துறது எப்படின்னு கேக்குற. ஈ.பி.எஃப். காசையும் வாங்கின பொறகு கட்சி மாறச் சொல்ற.

சரி, மாறிட்டேன். இந்த நாட்டுத் தேயிலையே கரி நெருப்புல ஆரம்பிச்சதுதான். 1867-ல லூல்கந்துரவுல தேயிலை வச்ச ஜேம்ஸ் டெய்லர் துரை, பங்களா இஸ்தோப்புல கொழுந்த கையால உருட்ட வச்சு, களிமண் அடுப்புல கரியப் போட்டு, மேல கம்பித் தட்டுல காய வச்சாரு. அப்புறம் டேவிட்சன்னு ஒரு ஆளு, வெறும் சூட்டுக் காத்த ஊதுற சிராக்கோ டிரையர செஞ்சு, 1881-ல பெல்ஃபாஸ்டுல பட்டறையே தொறந்துட்டாரு. நெருப்ப ஒரு பக்கம், தேயிலைய ஒரு பக்கம்னு அவரு பாடுபட்டு பிரிச்சாரு. நீ அறுநூறு ரூவா கீல் ஒண்ண மாட்டி மறுபடி சேத்து வைக்கப் போற. நல்லாயிருப்பா.

இந்தப் பெரல்ல முன்ன என்னா இருந்துச்சு? தெரியாதா? தெரியாத பெரல்ல வாய்க்குப் போறத வைக்காத. தோட்டத்துல மருந்து வந்த பெரல்னா, நீ பன்றியத் திங்க வேணாம், பன்றியே ஒன்ன பாத்து அழும். சமையல் எண்ணெய் வந்த பெரல் கிடைச்சா அத எடு. உள்ளுக்கு விறகப் போட்டு பெயின்டு முழுக்க உரியிற மாதிரி ஒரு நாள் எரி. தட்டுக்கு நாகம் பூசின வலை போடாத, சூட்டுல அந்தப் புகை நெஞ்ச அடைக்கும். பழைய அடுப்புக் கதவுல சுத்தியிருந்த வெள்ளைக் கயிறு ஒண்ணு கொண்டாந்தியே, அது அஸ்பெஸ்டஸா இருக்கும், தொடாத.

இப்ப விசயத்துக்கு வாரேன். நீ பத்து ஓட்டை போட்டு வச்சிருக்க. கீழ ரெண்டு ஓட்டை போதும், அதுக்குத் தள்ளுற மூடி. மேல ஒரு புகைக்கூண்டு. மேல உள்ளத எப்பவும் தொறந்தே வையி. அத அடைச்சா புகை உள்ளயே சுத்திச் சுத்தி இறைச்சி கசந்து போயிடும். சூட்ட கூட்டுறது குறைக்கிறதெல்லாம் கீழ் ஓட்டையிலதான். நெருப்பு கரியத் திங்குதுன்னு நெனைக்காத, காத்தத்தான் திங்குது. ஒரு விரக்கட திருப்பிட்டு இருவது நிமிசம் சும்மா குந்து. ஒடனே மறுபடி திருப்புவ, எனக்குத் தெரியும். ஒங்கப்பனும் ரேடியோவ அப்படித்தான் திருப்புவான், கடைசி வரைக்கும் ஒரு பாட்டு முழுசா கேட்டதில்ல.

சூடு ஏத்துறது சுகம், இறக்குறது பாடு. 115 டிகிரி வேணும்னா 100 தாண்டும்போதே ஓட்டைய நெருக்கு. பெரல் ஒருக்கா 150-க்குப் போயிட்டா, மாமியாருக்கு ஏறின கோவம் மாதிரி தணிய நேரமாகும்.

தெர்மாமீட்டர கொதிதண்ணியில முக்கிப் பாத்தியாம், 98 காட்டுதாம், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு கத்துற. அவன் பாவம்டா. பதுளை டவுனே கடல் மட்டத்துக்கு 680 மீட்டர் மேல. முன்னூறு மீட்டருக்கு ஒரு டிகிரி குறைஞ்சு கொதிக்கும். ஹப்புத்தளைக்கு ஏறிப் பாரு, 95-லயே பொங்கும். கொழும்புக் கணக்கு மலைக்குச் சரிவராது.

கரிக்கு சிரட்டைக் கரி நல்லது. பொடியச் சலிச்சுக் கொட்டிடு, பொடி காத்த அடைக்கும். எல்லாத்தையும் பத்த வைக்காத. நடுவுல குழி பறிச்சு ஒரு கை தணலை வையி, மிச்சத்த அதுவா தேடிப் போய் பத்திக்கும். அமெரிக்காவுல இதுக்கு மினியன்னு ஒருத்தர் பேர வச்சிருக்காங்கன்னு போன்ல காட்டின. ஒங்க அப்பத்தா ராத்திரி தணலை சாம்பல்ல மூடி, விடியக்காலம் ஊதி எழுப்புவா. அவளுக்கு யாரும் பேரு வைக்கல.

புகைக்கு கொய்யாக் கொம்பு, காஞ்ச தேயிலை மிலாறு. பைனஸ் வேணாம், பிசின் புகை. சீனாக்காரன் பைன் புகையில தேயிலையவே வாட்டுறான்தான், அது அவன் பாடு. டர்பன்டைன் மர விறகு போட்டா தைலம் தடவின பன்றி கிடைக்கும், சளிக்கு ஆகலாம். வெள்ளையா குபுகுபுன்னு வந்தா இறைச்சிய உள்ள வைக்காத. மெல்லிசா, நீலமா, இருக்கா இல்லையான்னு தெரியாம வரணும்.

ஜூலையில வந்து இத செய்யாத. கச்சான் அடிக்கும். கச்சான்னா நீ கொறிக்கிற கடலை இல்லடா, காத்து. ஊவாத் தேயிலைக்கு வாசம் குடுக்குற அதே காத்து ஒன் கரிய ரெண்டு மணித்தியாலத்துல முடிச்சிடும். மழைன்னு சொல்லி காம்பராவுக்குள்ள தூக்கிட்டும் வராத. கரிப்புகையில மணமே இல்லாத நஞ்சு ஒண்ணு இருக்கு, தூங்குறவன எழுப்பாது. இதுல மட்டும் நான் சிரிக்கல.

இறைச்சியோட உள்சூடு 70 கிட்ட வந்ததும் முட்டுக்கட்ட போட்ட மாதிரி நிக்கும். ஒரு மணித்தியாலம், ரெண்டு, மூணு. கருவி கெட்டுப்போச்சுன்னு நீ ஊதப் போவ. கொழுந்துக் கூடையோட மலை ஏறினவ மேட்டுல நின்னா, வேர்வ காயக் காய முதுகு சில்லுங்கும்ல? அதேதான், இறைச்சிக்கும் வேர்க்குது. அவசரப்பட்டு சூட்ட ஏத்துனா வெளிய தோலு கட்டிக்கும், உள்ளுக்கு ஈரம் நிக்கும். தேயிலையிலயும் அப்படித்தான், அந்தத் தூள மூட்டை கட்டினா பொறகு பூஞ்சணம் பிடிக்கும். 95 வரைக்கும் பொறு, எலும்பு தானா கழண்டு வரும்.

மூணு கிலோ இறைச்சி. இப்ப மணி பதினொண்ணு. ராத்திரி எட்டு, ஒம்பது ஆகும். ஒங்கம்மாகிட்ட ரொட்டி தட்டி சம்பல் இடிக்கச் சொல்லிட்டேன், பசியில ஒன் கை சும்மா இருக்காதுன்னு. பெரல் மூடி மேல அம்மிக்குழவிய தூக்கி வச்சிருக்கேன். தொறந்து பாக்கணும்னு தோணுச்சுன்னா மொதல்ல அத எறக்கணும். நான் இஸ்தோப்புலதான் படுத்திருப்பேன். காது இன்னும் நல்லாத்தான் கேக்குது.