மேலதிகாரிக்கு மேலதிகாரி: தன்னையே சுட்டும் டேபிள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஓர் ஊழியர் டேபிள். அதில் ‘மேலதிகாரி’ என்றொரு ஃபீல்டு. மேலதிகாரியும் ஊழியரே ஆகையால், அந்த ஃபாரின் கீ வேறெங்கும் போகாமல் சொந்த டேபிளுக்கே திரும்புகிறது. ஜாங்கோவில் மாடலின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘செல்ஃப்’ என்று எழுதினால் போதும். இவ்வுறவில் விளையும் கோளாறுகள் நான்கு என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலாவது, ஆதிமூலச் சிக்கல். ஃபீல்டைக் காலியாக விட அனுமதிக்காவிட்டால், தன்னையே தனக்கு மேலதிகாரியாக்கினாலன்றி முதல் ஊழியரைச் சேர்க்க முடியாது. அவருக்கொரு மேலதிகாரி வேண்டும்; அந்த மேலதிகாரி முன்பே ஊழியராக இருக்க வேண்டும். ஆரக்கிளின் பழைய மாதிரி டேபிளான ‘எம்ப்’பில் 14 பேர் உண்டு, தலைவர் கிங்கின் மேலதிகாரிக் கட்டம் மட்டும் காலி. முன்னோர் வழக்கு அது. ரெயில்ஸிலோ 5ஆம் பதிப்பு (2016) முதல் ‘ஆப்ஷனல்’ என்று கேட்டுத்தான் இச்சலுகையைப் பெற வேண்டும்.

இரண்டாவது, முறை மயக்கம். மேலதிகாரியோடு ‘வழிகாட்டி’ என்றொரு ஃபீல்டையும் சேர்த்தால், திரும்பி வரும் உறவுகள் இரண்டும் ஒரே பெயருக்கு அடித்துக்கொள்ளும். ‘ரிலேட்டட் நேம்’ கொடுத்துப் பிரித்துவைத்தால் வழக்குத் தீர்ந்தது.

மூன்றாவது, ராஜினாமா. மேலதிகாரியின் பதிவை நீக்கினால் கீழிருப்போர் கதி என்ன? ஜாங்கோ 2.0 (2017) முதல் இதற்கு விடை எழுதாமல் தப்ப முடியாது. இதில் முக்கியக் கட்சிகள் மூன்று. கேஸ்கேடு கட்சியினர் உடன்கட்டை ஏற்றுவோர்: கிங் போனால் கம்பெனியே காலி. புரொடெக்ட் கட்சியில், கீழே ஒருவர் இருக்கும்வரை கிங் விலகவே முடியாது. செட்-நல் கட்சியில், நேரடியாகக் கீழிருந்தோர் அனைவரும் ஒரே நாளில் கிங் ஆகிவிடுவர். மூன்றையும் நடைமுறையில் கண்ட அலுவலகங்கள் உண்டு.

நான்காவது, சுழல். ராமனுக்கு மேல் கண்ணன், கண்ணனுக்கு மேல் ராமன் என்று பதிந்தால் டேட்டாபேஸ் மறுக்காது; இருவரும் டேபிளில் இருக்கிறார்களா என்பதோடு அதன் கவலை முடிந்தது. உச்சியைத் தேடித் தன்னையே அழைத்துக்கொண்டு ஏறும் பைத்தான் ஃபங்ஷன், வழக்கமான வரம்பான 1000ஐ எட்டி மூச்சடைத்து விழும். போஸ்ட்கிரெஸ் 14 (2021) இதைக் கண்டுபிடிக்கவென்றே ‘சைக்கிள்’ என்றொரு வசதியைச் சேர்த்தது. சேவ் செய்யுமுன் மேல்நோக்கி ஏறிப் பார்த்து, அதே ஆள் மறுபடி எதிர்ப்பட்டால் மறுப்பதே முறை.

முடிபு: யாருக்கு யார் என்ன முறை, ஒருவர் போனால் அடுத்து யார் என்று அலுவலகம் தீர்மானிக்காததை டேட்டாபேஸ் தலையில் கட்டுவதே நான்குக்கும் வேர். ஆகவே மைக்ரேஷனுக்கு முன் எச்ஆரிடம் எழுத்து மூலம் விளக்கம் பெறுக. ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்று பதில் வந்தால், ஃபீல்டைக் காலியாக விட அனுமதிக்க.